கிரவல் வழியும் நீர்க்கரையும்

கொழும்பைக் கடற்கரைப் பட்டினம் என்று சொல்லிப் பழகிவிட்ட நாம், அதன் முதுகுப்புறம் முழுவதும் ஆறும் வாவியும் கால்வாயும் சதுப்பு நிலமுமாய் நீர் சூழ்ந்து கிடப்பதைப் பெரும்பாலும் நினைப்பதில்லை. வெள்ளவத்தையிலே காலி வீதிப் பாலத்தைக் கடந்து போகிறவர் கீழே ஓடும் கால்வாயைக் குனிந்தும் பார்ப்பதில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து கிராண்ட்பாஸ் பக்கம் இறங்குகிறவருக்கும், அங்கே வீடுகளுக்கும் பண்டசாலைகளுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் சென் செபஸ்தியன் கால்வாய், ஒரு காலத்தில் களனி கங்கையையும் பேர வாவியையும் இணைத்து மலைநாட்டு விளைபொருளைத் துறைமுகத்தின் வாசலிலே கொண்டுவந்து சேர்த்த பெருவழி என்று எடுத்துச் சொல்வாரில்லை. அந்த நீர்களின் ஓரத்திலே, தாருக்கும் கொங்கிறீற்றுக்கும் தப்பி இன்றும் ஆங்காங்கே எஞ்சியிருக்கிற மண் வழிகளின் சரித்திரத்தையே இங்கு எழுத விரும்புகிறேன்.

இவ்விஷயம் இப்போது பேசத் தக்கதாவதற்கு ஒரு காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில், காலி வீதியில் பஸ்களின் ஆரவாரம் தொடங்குமுன், அகன்ற டயர் பூட்டிய சைக்கிள்களில் இளைஞரும் யுவதிகளும் சிறு சிறு கூட்டமாக நகரத்தை விட்டு வெளியேறுவதைச் சில வருஷங்களாகக் காண்கிறோம். அவர்கள் தேடிப் போவது தார் வீதியை அல்ல. கிரவல் வழியை, அதுவும் நீர் அருகில் உள்ள கிரவல் வழியை. அமெரிக்காவிலே கான்சஸ் மாநிலத்துப் புல்வெளிகளில் 2006ஆம் ஆண்டு ஒரு பந்தயமாகத் தொடங்கிப் பிரசித்தி பெற்ற இவ்விளையாட்டு, 2022ஆம் ஆண்டில் இத்தாலியின் வெனெட்டோ பிரதேசத்திலே உலக சாம்பியன் பட்டத்துக்குரிய போட்டியாக அங்கீகாரம் பெற்றது. ஆகவே இது புதியது என்றும், மேனாட்டிலிருந்து வந்தது என்றும் எண்ணுவது இயல்பே.

ஆனால் சைக்கிளை அருகிற் சென்று பார்த்தால் அந்த எண்ணம் சற்றுத் தளரும். இவ்வகைச் சைக்கிளின் டயர் பெரும்பாலும் 40 மில்லிமீற்றர் அளவு அகலமுடையது. நமது தபாற்காரரும், கிராமப் பாடசாலை ஆசிரியரும், நீர்ப்பாசன இலாகாவின் ஓவசியரும் முன்னாளில் ஓட்டிய றலி, ஹம்பர் சைக்கிள்களிலே பூட்டியிருந்த 28 அங்குலச் சில்லுக்கு டயரின் அகலம் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீற்றர். நீண்ட உடலும், நிமிர்ந்து அமரும் ஆசனமும், கம்பி பிரேக்கும் கொண்ட அந்தக் கறுப்பு வாகனம், தார் காணாத வீதிகளுக்கென்றே உருவாக்கப்பட்டது. 1885இல் இங்கிலாந்தில் றோவர் சைக்கிள் தோன்றி, 1888இல் டன்லொப் காற்றடைத்த டயரைச் செய்து, பின்னர் சைக்கிள் கப்பலேறி இந்நாட்டை அடைந்த காலத்தில், இங்கே பட்டினத்துக்கு வெளியே இருந்த வழிகளெல்லாம் அநேகமாகக் கிரவல் வழிகளே. உள்ளூராட்சி மன்றத்தின் இலக்கத் தகடு இல்லாவிட்டாலும், இரவில் விளக்கு இல்லாவிட்டாலும், ‘டபிள்ஸ்’ ஏற்றிப் போனாலும் பொலிசார் மறித்த அந்தக் காலத்தைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 1990களில் வடக்கிலே எரிபொருள் தடைப்பட்டிருந்தபோது ஒரு சமூகம் முழுவதையும் சுமந்ததும், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்க வைத்ததும் இதே வாகனம்தான். 2022ஆம் ஆண்டில் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது கொழும்பும் சிறிது காலம் அதனிடமே தஞ்சம் புகுந்தது.

வாகனத்தின் கதையை இவ்வளவில் நிறுத்துகிறேன். வழியின் கதையே பெரியது. அது சைக்கிளுக்கு நூற்றாண்டுகள் முற்பட்டது. கொழும்பிலிருந்து புறப்பட்டு நீரோரமாகச் செல்லும் எந்த மண் வழியை எடுத்துக்கொண்டாலும், அது உல்லாசத்துக்காகவோ காட்சிக்காகவோ போடப்பட்டதல்ல என்பதும், ஒன்று படகு இழுப்பதற்காக, அல்லது குளத்து நீரைத் தடுப்பதற்காக, அல்லது அரசாங்கத்தின் கட்டளைக்குப் பணிந்து குடிகள் உடலுழைப்பால் இட்டதாகவே அது இருக்கும் என்பதும், நான் படித்தும் போய்ப் பார்த்தும் தெளிந்த அபிப்பிராயம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வடக்கே போகும் வழியே இவற்றுள் சரித்திரத்தால் மிகச் செழித்தது. கோட்டை இராச்சியத்தின் காலத்திலேயே, 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட வீரபராக்கிரமபாகு மன்னன், உள்ளூர்க் கிராமங்களின் பாக்கும் மிளகும் ஏலமும் கறுவாவும் நீர்கொழும்புத் துறையை எளிதில் அடையும்பொருட்டுக் கால்வாய்கள் வெட்டுவித்தான் என்று சரித்திரகாரர் கூறுவர். பின்னர் வந்த போர்த்துக்கேயர் தமது கோட்டைக்கு அரணாக நீரைத் தேக்கினர். இன்று நாம் பேர வாவி என்று வழங்குவது அந்தத் தேக்கத்தின் எச்சம். 1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தரோ, தம் தாய்நாட்டிலே கால்வாயால் வாழப் பழகியவர்களாதலால், கடலோரமாக இயற்கையாய் அமைந்திருந்த களப்புகளையும் ஓடைகளையும் வெட்டி இணைத்து, வடக்கே புத்தளம் வரைக்கும் தெற்கே களுத்துறை வரைக்கும் உள்நாட்டு நீர்வழியொன்றை உண்டாக்கினர். பருவக்காற்று வீசும் மாதங்களில் கடலிலே சிறு படகுகள் செல்ல இயலாது. அந்த மாதங்களிலும் கறுவாவும் உப்பும் தேங்காயும் தடையின்றிக் கோட்டைப் பண்டசாலைகளை அடைய வேண்டும் என்பதே அதன் பிரயோசனம்.

இக்கால்வாய்களில் ஓடியவை கிடுகு வேய்ந்த கூரையும் தட்டையான அடியும் உடைய பாரப் படகுகள். ஆழம் குறைந்த நீரிலும் மிதக்கத் தக்கதாய் அமைந்த அவற்றைப் படகோட்டிகள் நீண்ட கழையை ஊன்றித் தள்ளினர். நீரோட்டம் எதிர்த்த இடங்களிலே கயிறு கட்டிக் கரையில் நடந்து இழுத்தனர். கால்வாய் வெட்டும்போது எடுத்த மண்ணைக் கரையிலே கொட்டி, மிதித்து, இறுக்கிய மேட்டின்மேல் நடந்த அந்தக் கால்களே இவ்வழியின் முதற் சுவடு. ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், வளைவுகளும் மெதுவாகத் திரும்புவனவாய், நீர் மட்டத்துக்கு ஒரு சீராக அது செல்வதற்குக் காரணம் இதுவே: பாரம் இழுப்பவனுக்கு மேடு ஆகாது. இன்று மூச்சு வாங்காமல் பத்து மைல் ஓட்டிவிட்டு வழியின் அழகை வியக்கிற இளைஞர், தாம் அனுபவிக்கும் அந்தச் சமநிலை ஒரு கூலியாளின் தோளை அளந்து அமைத்தது என்பதையும் நினைக்க வேண்டுமென்று எனக்கு ஆசை.

1796இல் கொழும்பு ஆங்கிலேயர் வசமாயிற்று. அடுத்த சில வருஷங்களிலேயே, 1802ஆம் ஆண்டில் தொடங்கி 1804ஆம் ஆண்டில், ஒல்லாந்தர் கால்வாயின் அருகாக இன்னொரு கால்வாயை அவர்கள் வெட்டி முடித்தனர். வருவாய், வாணிபப் பகுதிக்கு அதிகாரியாயிருந்த கவின் ஹமில்டன் என்பவரின் பெயரால் அது ஹமில்டன் கால்வாய் எனப்படுகிறது. களனி கங்கையின் பக்கத்திலிருந்து நீர்கொழும்புக் களப்பை நோக்கி ஏறத்தாழ 14.5 கிலோமீற்றர் செல்கிறது. அதை வெட்டியதற்குப் போக்குவரத்து மாத்திரம் காரணமன்று. முத்துராஜவெல என்ற பரந்த சமநிலம், முற்காலத்தில் நெல் விளைந்த பூமியென்று பேர் பெற்றது. ஒல்லாந்தர் வெட்டிய கால்வாய் வழியாகக் கடலின் உப்பு நீர் உட்புகுந்து அவ்வயல்களைக் கெடுத்துவிட, அந்த உப்பை வெளியேற்றி மறுபடியும் பயிர் செய்யலாம் என்று நம்பியே ஆங்கிலேயர் புதிய கால்வாயைத் தோண்டினர். உப்பு வெளியேறவில்லை, வயல் திரும்பவில்லை. நெல்லை இழந்த நிலம் சதுப்பாகவே நிலைத்து, கண்டலும் நாணலும் மண்டிப் பறவைகளுக்கு உறைவிடமாகி, 1996ஆம் ஆண்டில் அதன் ஒரு பகுதி சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. இன்று சைக்கிளில் போகிறவர் வலப்புறத்தில் கண்டு களிக்கும் அந்தப் பசுமை, கமக்காரர் ஒருவருக்கு நட்டமாக வந்தது என்பதை மறைத்துச் சொல்ல என் மனம் இடங்கொடுக்கவில்லை.

அந்தப் பக்கம் போவதற்கு முதலிற் களனி கங்கையைக் கடக்க வேண்டும். நெடுங்காலம் கிராண்ட்பாஸில் ஓடமே கதி. 1820களில் படகுகளை வரிசையாகப் பிணைத்து மேலே பலகை பரப்பிய மிதவைப் பாலம் ஒன்று அமைந்தது. 1895இல் இரும்பாலான விக்டோரியா பாலம் அதன் இடத்தைக் கொண்டது. ஆற்றைக் கடந்து வத்தளை வழியாக ஹெந்தளைக்குத் திரும்பினால், ஒல்லாந்தர் 1708ஆம் ஆண்டிலே நிறுவிய தொழுநோய் வைத்தியசாலை இருக்கும் ஊரை அடைகிறோம். நோயாளரை ஆற்றுக்கு அப்பால் ஒதுக்கிவைக்க வேண்டும் என்று அக்காலத்தார் எண்ணியதற்கு அந்த இடமே சாட்சி. அதற்கப்பால் உஸ்வெட்டகெய்யாவ, பமுனுகம என்று கடலுக்கும் கால்வாய்க்கும் இடையே ஒடுங்கிய நாடாபோல் ஊர்கள் தொடர்கின்றன. தென்னந்தோப்பும், வெள்ளையடித்த மாதா கோயில்களும், கால்வாயிலே கட்டிக் கிடக்கும் மீன்பிடிப் படகுகளும், கரையில் உலரும் வலைகளுமாக அந்த வழி நீளும். சில இடங்களில் கற்பாவிய நடைபாதையாகவும், சில இடங்களில் செங்கிரவலாகவும், சில இடங்களில் முற்றத்து மணலாகவும் மாறி மாறிச் செல்லும் அதன்மேல், பின்சில்லின் மேலே மரப்பெட்டி கட்டிய சைக்கிளில் மீன் விற்கப் போகிறவருக்கு விளையாட்டுச் சைக்கிள்காரர் வழிவிட்டு ஒதுங்க வேண்டும். அது அவருடைய தொழில் வழி.

நீர்கொழும்போடு திரும்பிவிடுவது பலரின் வழக்கம். ஆனால் கால்வாயின் கதை அங்கே முடிவதில்லை. களப்புக்கு வடக்கே சிலாபம், முன்னேஸ்வரம், உடப்பு, புத்தளம், கற்பிட்டி என்று செல்லும் அந்தக் கரை, தமிழ் நெடுங்காலம் வழங்கிய கரை. உடப்பிலே இன்றும் அது வீட்டு மொழி. கற்பிட்டியிலே 1807இல் பிறந்து, 1834இல் இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் அகரவரிசையிலே தொகுத்து ‘சிலோன் கெசற்றியர்’ என்ற ஆங்கில நூலை வெளியிட்டவரும், பின்னர் தமிழ்ப் புலவர் வரலாறுகளை எழுதியவருமான சைமன் காசிச்செட்டி, இக்கால்வாய்க் கரையின் புதல்வர். தேசமெங்கும் உள்ள இடங்களை ஒருவர் தனியே தொகுத்து எழுதத் துணிந்ததற்கு, உப்புப் படகும் கொப்பறாப் படகும் ஊர்ச் செய்திகளைச் சுமந்து வந்து போன ஒரு துறையிலே அவர் வளர்ந்தது துணைசெய்திருக்கும் என்பது என் ஊகம்.

படகுகளை ஒழித்தது புகையிரதம். 1865இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரைக்கும், 1867இல் கண்டி வரைக்கும் இருப்புப் பாதை போனவுடன் களனி கங்கைப் படகுகளின் பெருமை மங்கத் தொடங்கியது. 1926இல் புத்தளம் வரைக்கும் ரயில் சென்றபோது வடக்குக் கால்வாயும் கைவிடப்பட்டதாயிற்று. நாட்டிலே பிரயோசனமற்றுப் போனது எதுவும் கவனிப்பாரின்றிச் சிதைவது வழக்கம். ஆயினும் இக்கரை வழிகளைத் தார் மூடாமல் காத்ததும் அந்தக் கவனிப்பின்மையே. வருமானம் தரும் வழியைத்தான் அகலமாக்கித் தாரிட்டார்கள். வருமானம் போன வழி மண்ணாகவே இருந்துவிட்டது.

இனிக் கிரவலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேல் மாகாணத்தின் நிலத்தடியிலே எங்கும் கிடைக்கும் செம்பூரான் மண்ணைக் குழி தோண்டி எடுத்து, வழியிலே பரப்பி, நீர் தெளித்து, உருளையால் நெரித்தால் கிடைப்பதே நம் கிரவல் வீதி. கையில் அள்ளிப் பார்த்தால் பயறளவிலும் கடலையளவிலும் கரிய மினுக்கமுள்ள இரும்புக் கற்கள் செங்களியிலே புதைந்திருப்பது தெரியும். களி பசையாகவும் கற்கள் எலும்பாகவும் நின்று பாரத்தைத் தாங்குகின்றன. நடுவிலே சற்று உயர்ந்தும் இருபுறமும் சரிந்தும் இருந்தால்தான் மழைநீர் வடியும். அந்தச் சரிவு தேய்ந்துவிட்டால் முதலில் சில்லுத் தடங்களிலே நீர் தேங்கும். களி கரைந்தோடிக் கற்கள் மாத்திரம் மிஞ்சும். பின்னர் வெயிலிலே குறுக்கலைகள் எழும்பிச் சைக்கிளின் கைபிடியிலிருந்து தோள் வரைக்கும் உதறலெடுக்க வைக்கும். இரண்டு சில்லுத் தடங்களுக்கு நடுவே புல் முளைத்திருந்தால் அந்த வழி நலமாயிருக்கிறது என்பதும், புல்லின்றி வெளிறியிருந்தால் கிரவல் லொறிகள் ஓடுகின்றன என்பதும் ஓட்டிப் பழகியவர் கண்டறிவர்.

இவ்வீதிகளை இட்டவர் யார் என்ற கேள்விக்குச் சரித்திர நூல்கள் அதிகாரிகளின் பெயரையே விடையாகத் தருகின்றன. தோமஸ் ஸ்கின்னர் என்ற பொறியியலாளர் 1820ஆம் ஆண்டிலே, பதினாறு வயதுப் பையனாக, வீதி வேலையிற் புகுந்து, பின்னர் வீதி இலாகாவின் தலைவராகி, 1867 வரைக்கும் உழைத்தார். அவருடைய ஆற்றலை மறுப்பவர் எவருமில்லை. ஆனால் கல்லை உடைத்தவரும் மண்ணைச் சுமந்தவரும் வேறு. மன்னர் காலத்து இராசகாரிய முறையை 1832இல் சட்டப்படி நீக்கி, இனிக் கட்டாய ஊழியம் இல்லை என்று அறிவித்த அதே அரசாங்கம், பதினாறு வருஷங்களுக்குப் பின், 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டத்தினால், வயது வந்த ஒவ்வோர் ஆண்மகனும் வருஷத்துக்கு ஆறு நாள் வீதியிலே வேலை செய்ய வேண்டும், அல்லது அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும் என்று விதித்தது. அவ்வருஷத்துக் கிளர்ச்சிக்கு மக்கள் காட்டிய மனக்குறைகளுள் அதுவும் ஒன்று. பணமுள்ளவர் பணம் கட்டினர். இல்லாதவர் மண்வெட்டியோடு போயினர். கிராமங்களை இணைக்கும் நம்முடைய கிரவல் வழிகளிலே பல, அந்த ஆறு நாட்களின் திரட்சியாகும்.

இவற்றைக் காட்டிலும் துயரம் மிகுந்த வழி ஒன்று உண்டு. கொழும்பிலிருந்து குளக்கரைகளைத் தேடி வடக்கே போகிற சைக்கிள்காரர், தெரிந்தோ தெரியாமலோ, அதன்மேல் ஏறிவிடுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்ட ஏழைகள், தோணியிலே மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு, சுமார் 150 மைல், கால்நடையாகவே சென்றனர். வன்னிக் காட்டினூடே அந்த நடை நாட்கணக்காக நீண்டது. வரட்சிக் காலத்திலே குளங்கள் வற்றிக் கிடக்கும். மாரியிலே அவை பெருகி வழியை மறிக்கும். வாந்திபேதியும் காய்ச்சலும் எப்போதும் உடன் நடந்தன. கங்காணியின் பின்னே குழந்தையைச் சுமந்துகொண்டு நடந்தவர்களில் வழியோரத்திலேயே விழுந்து மாண்டவர் தொகை ஆயிரக்கணக்கானது. பிற்பாடு அரசாங்கம் இடையிடையே தங்குமிடமும் கிணறும் மருந்துச் சாலையும் அமைத்தது. அதற்குள் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். மலையகத் தமிழரின் மூதாதையருக்கு இலங்கை முதன்முதலில் காட்டிய முகம், காடும் குளமும் அவற்றினிடையே ஒரு மண் வழியுமேயாகும். 1914இல் தலைமன்னாருக்கு ரயிலும் தனுஷ்கோடிக்குக் கப்பலும் இணைந்து ஓடத் தொடங்கியபோது, அந்த நடையின் நினைவு அதில் நடந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடத்திலே கதையாக மாத்திரம் தங்கியது.

அந்தப் பிரதேசத்துக் குளங்களின் நிலை, கால்வாயின் நிலையினின்றும் வேறானது. கால்வாய்க் கரை ஒரு வழியாகவே பிறந்தது. குளக்கட்டு வழியாகப் பிறக்கவில்லை, அது நீரைத் தடுக்கும் மதில். மன்னார் மாவட்டத்துக் கட்டுக்கரைக் குளத்தை எடுத்துக்கொள்வோம். பூர்வ காலத்துப் பெருங்குளமாகிய அது பல நூற்றாண்டு பாழ்பட்டுக் கிடந்து, அருவியாற்று நீரைத் தேக்கம் என்ற அணையிலே மறித்துக் கொண்டுவந்து, 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலே புனரமைக்கப்பட்டது. பொலநறுவையிலே பராக்கிரம சமுத்திரத்தின் கட்டு ஏறத்தாழ 14 கிலோமீற்றர் நீளம். 1887இல் கலாவாவி புத்துயிர் பெற்றது. இவற்றின் மேலே செல்லும்போது ஒருபுறம் கண்ணுக்கெட்டிய மட்டும் நீரும், மறுபுறம் தாழ்வாக, வீட்டுக் கூரைக்கும் கீழே, வயல்வெளியும் இருக்கும். நீர்ப்புறச் சரிவிலே அலை மோதாதபடி கருங்கல் அடுக்கியிருப்பார்கள். துருசு இருக்கும் இடத்திலே கட்டின் அடியிலிருந்து வாய்க்கால் புறப்படும் ஓசை கேட்கும். வான் பாயும் இடத்திலே கட்டு தாழ்ந்து கல் தளமாகிவிடும். மார்கழியிலே அங்கே கணுக்கால் நீரில் இறங்கிச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், பாசி படிந்த கல்லிலே ஓட்ட முயல்வது பெருந்தவறு.

குளக்கட்டிலே வண்டி ஓட்டக் கூடாது என்று கிராமத்துப் பெரியவர்கள் கண்டிப்பாயிருந்ததற்கு நியாயம் உண்டு. சில்லுத் தடத்திலே தேங்கும் மழைநீர் கட்டினுள் இறங்கி அதை நெகிழ்விக்கும். நெகிழ்ந்த கட்டு ஒரு மாரியில் உடைந்தால் ஊரின் ஒரு வருஷத்து உணவும் போய்விடும். குளத்து நீரைப் பங்கிடவும், மாரிக்கு முன் கட்டைத் திருத்த ஊராரைக் கூட்டவும் விதானைமாருக்கு அதிகாரமிருந்தது. 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம் அந்தப் பழைய வழக்கங்களுக்கே சட்ட பலம் கொடுத்தது. நில அளவைத் திணைக்களத்திலே உத்தியோகம் வகித்த ஆர். எல். புறோகியர் 1930களில் இந்நாட்டின் புராதன நீர்ப்பாசன வேலைகளைப் பற்றி எழுதிய நூலைப் படிப்பவர், இக்கட்டுகள் எத்தனை தலைமுறையின் கைகளால் உயர்ந்தவை என்பதை உணர்ந்து, ஈரக் காலத்திலே அவற்றின்மேல் சைக்கிள் ஓட்டத் தயங்குவர். ஓட்டத்தான் வேண்டுமென்றால், தை மாதம் பிறந்து கட்டு இறுகிய பின் ஓட்டலாம்.

தெற்கே வெள்ளவத்தையிலிருந்து போகும் வழி இவ்வளவு நீண்ட கதையுடையதன்று. தெஹிவளை, பெல்லன்வில சதுப்பு நிலம், வெரஸ் கங்கை, அதற்கப்பால் பொல்கொடை வாவி என்று அது செல்லும். வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையிலே பஞ்சாலை நடந்த காலத்தில், சங்கொலி கேட்டுத் தொழிலாளர் விரைந்து நடந்த வழிகள் இன்று மாடி வீடுகளுக்கு நடுவே மறைந்துவிட்டன. எனினும், அண்மைக் காலத்திலே வெள்ளத்துக்கு அஞ்சிக் கால்வாய்களைத் தூர்வாரிக் கரை கட்டியபோது, கரையோரமாக நடைவழிகளும் அமைந்தன. 2018ஆம் ஆண்டில் கொழும்பு, சதுப்பு நிலங்களைப் பேணும் நகரம் என்ற சர்வதேச அங்கீகாரத்தையும் பெற்றது. அங்கீகாரம் கிடைத்த பின்னும் சதுப்பு நிலத்தை நிரப்பும் லொறிகள் நின்றுவிடவில்லை; நீர் நிரவப்படும் இடத்திலே கரை எங்கே, கரையில்லாத இடத்திலே வழி எங்கே? முத்துராஜவெலவின் ஓரத்திலும் இதே ஆபத்து உண்டு. 2013இல் திறக்கப்பட்ட கட்டுநாயக்க அதிவேகப் பாதை அச்சதுப்பின் நடுவே போகிறது. அதன் இருபுறத்து நிலத்துக்கும் விலை ஏறிவிட்டது.

மாத்தளை வழியைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் முடிக்க இயலாது. மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து, 2023ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலே ஒரு நடைபயணம் புறப்பட்டது. தங்கள் மூதாதையர் நடந்த தடத்தைப் பின்பற்றி, தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவருமாகப் பலர் வழியிலே வந்து சேர, அது ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தது. அப்பயணம் சென்ற வீதி இன்று தார் வீதி. ஆனால் முருங்கன் பக்கத்திலும் செட்டிகுளத்துப் பக்கத்திலும், மதவாச்சிக்குத் தெற்கேயும், அவ்வீதியிலிருந்து குளங்களை நோக்கிப் பிரியும் கிரவல் வழிகள் இன்னும் பல உள்ளன. கொழும்பிலிருந்து இரவு ரயிலிலே சைக்கிளை ஏற்றி மதவாச்சியில் இறங்குகிறவர், விடியற்காலையிலேயே அவற்றில் ஒன்றைப் பிடித்துவிடலாம். போகிறவர்கள் மன்னாரிலிருந்து மாத்தளைப் பக்கமாக ஓட்டுவார்களானால், அந்த மக்கள் நடந்த திசையிலேயே ஓட்டுவார்கள்.